ஃபாக் லைட் பல்பு அடிக்கடி போகிறதா? ஜாப் கார்டில் எழுத வையுங்கள்

மார்கழிப் பனி இறங்கியதும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு: போன மாதம் மாற்றிய ஃபாக் லைட் பல்பு மறுபடியும் ஃபியூஸ். கடைக்காரர் புது பல்பைப் போட்டு அனுப்பிவிடுகிறார். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால், "பல்புக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார்" என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டுகிறோம். அவர்கள் சொல்வது பாதி உண்மை. பல்பைத் தேய்மானப் பொருளாகக் கருதி வாரண்டியிலிருந்து விலக்குவது வழக்கம்தான். ஆனால் அந்தப் பல்பைத் திரும்பத் திரும்பத் தின்னும் கோளாறு ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரிலோ, விளக்குக் கூண்டின் சீலிலோ, வயரிங்கிலோ இருந்தால், வாரண்டி காலத்தில் அதைச் சரிசெய்வது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. பல்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பொறுப்பை யாரும் ஏற்கப்போவதில்லை.

எனவே, போன பல்பைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி படிந்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடியில் விரிசல் உண்டு. ஃபாக் லைட் பம்பரின் அடியில் இருப்பதால், தேங்கிய மழைநீரில் வண்டி இறங்கும்போது, சீல் கெட்ட கூண்டுக்குள் தண்ணீர் போய்ச் சூடான பல்பில் பட்டுவிடும். கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பியிருந்தால், மாட்டியவர் வெறும் விரலால் தொட்டிருக்கிறார். விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடேறும். இழையின் முனைகள் உருகி உருண்டிருந்தாலோ, வாங்கிய கொஞ்ச நாளிலேயே உட்புறம் கறுத்திருந்தாலோ மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இன்ஜினைச் சற்றே வேகமாக ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டும். தொடர்ந்து 15-ஐத் தாண்டினால் பல்பு மட்டுமல்ல, பேட்டரியும் கெட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடச் சோதனை இது. இதைக்கூடச் செய்யாமல் நான்காவது பல்பை விற்கும் சர்வீஸ் சென்டர் தன் வேலையைச் செய்யவில்லை.

"எதற்கு இந்த வம்பு? எல்.இ.டி. போட்டால் தீர்ந்தது" என்பவர்கள் உண்டு. ஹாலஜனுக்காக வடிவமைத்த கூண்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். ரெகுலேட்டர் கோளாறோ அப்படியே கிடக்கும். 55 வாட்ஸ் பல்புக்குப் பதில் 100 வாட்ஸ் போடுவது அதைவிட ஆபத்து. 4.6 ஆம்பியர் ஓடிய வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டர் உருகும், வயர் தீப்பிடிக்கவும் கூடும். வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டிக்கு நிறுவனம் வாரண்டியை மறுக்கும். தீ விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதையே காட்டுவார். கூடுதல் வாட்ஸ் பல்பு போடாதீர்கள். கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் போடாதீர்கள்.

இனி, கவனமாகச் செய்யவேண்டியது. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "ஃபாக் லைட் பல்பு மீண்டும் மீண்டும் ஃபியூஸ் ஆகிறது, காரணம் கண்டறியவும்" என்று எழுத வையுங்கள். "பல்பு மாற்ற" என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். அளந்த வோல்ட்டேஜையும் அதிலேயே குறிக்கச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பல்பைக் கவரில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். வெளிக்கடையில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதே கோளாறு திரும்பினால் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு ஆதாரம் இல்லை; போனில் சொன்னதற்கும் அதே கதிதான்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும், வக்கீல் இல்லாமலே மனு போடலாம். சில நூறு ரூபாய் பல்புக்கு ஆணையமா என்று தயங்கவேண்டாம். நீங்கள் கேட்பது வண்டியின் குறையைச் சரிசெய்து தரும்படி. கட்டணம் பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். குறையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மனுவிலேயே அதைக் கேளுங்கள். ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாகவேண்டும். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல அந்தக் கெடுவும் வாரண்டியும் சேர்ந்தே கரைகின்றன. ஆகவே முதல் ஜாப் கார்டின் தேதியைப் பார்த்து, இன்றே கணக்குப் போடுங்கள்.