நாலு கிலோ மூட்டை போதும்!

நீலகிரி மலையில் நடந்து பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களில் யார் நடையை முடிப்பார், யார் பாதி வழியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார் என்பதை முதல் நாளே சொல்லிவிடலாம். அதற்கு முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதுகைப் பார்த்தால் போதும்! முதுகில் தொங்கும் மூட்டையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

சோலூர், உதகைக்கு வடமேற்கே உள்ள மலையூர். படகர் குடியிருக்கும் சிற்றூர்கள், தேயிலைத் தோட்டங்கள், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகள் எல்லாம் சூழ்ந்த இடம். மலையின் விளிம்பில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும் விரிந்து கிடக்கும். உதகையிலிருந்து புறப்பட்டு, சோலூர், கிளன்மார்கன், பைக்காரா என்று நாளுக்கு ஓர் ஊராக நடந்து, இரவில் எளிய விடுதிகளில் தங்கிப் போவது ஓர் அருமையான அனுபவம். ஆனால் அந்த அனுபவம் இன்பமாவதும் துன்பமாவதும் வீட்டில் மூட்டை கட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

பயம்தான் பாதிச் சுமை

சமவெளியிலிருந்து வருகிறவருக்கு முதல் பயம் குளிர். அது நியாயமான பயம்தான். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். உதகையின் உயரம் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தின் உயரமோ முந்நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது காலையில் மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டிருந்தவர், மதியம் உதகையில் பன்னிரண்டு டிகிரி குறைந்த குளிரில் இறங்குகிறார். மார்கழி, தை மாதங்களில் தேயிலையைக் கருக்கும் உறைபனியும் விழும்.

இதைக் கேட்டதும் என்ன செய்கிறோம்? இரண்டு கம்பளி, மூன்று ஸ்வெட்டர், நாலு நாளைக்கு நாலு உடுப்பு, வழியில் பசித்தால் முறுக்கு டப்பா, போதாததற்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு! இப்படிப் பயத்தையெல்லாம் பையில் அடைத்துத் தோளில் ஏற்றிக்கொள்கிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர் நடப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுக்கு எழுபது சென்டிமீட்டர் என்றால், அது இருபதாயிரம் எட்டு. பையில் ஐந்து கிலோ அதிகமாக இருந்தால், அந்த ஐந்து கிலோவை ஒரே நாளில் இருபதாயிரம் தடவை தூக்கி வைக்கிறோம் என்று பொருள்! மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். அது உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் ஆபத்து. சரிவில் ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் முழங்காலில் விழுகிறது. அதற்கு மேல் மூட்டையும் சேர்ந்தால் மூட்டு என்ன ஆகும்?

ஐரோப்பாவில் பிரான்சு எல்லையிலிருந்து ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ என்ற ஊர்வரை, ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடந்து போகும் பழைய யாத்திரை ஒன்று உண்டு. இன்றும் பலர் ஒரு மாதத்துக்கு மேல் நடந்து, வழியெல்லாம் யாத்திரிகர் விடுதிகளில் தங்கிப் போகிறார்கள். அவர்களிடையே ஒரு வழக்கு இருக்கிறது: சுமப்பவரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மூட்டை இருக்கக் கூடாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஆறு கிலோ. அவ்வளவுதான்.

பையில் என்ன இருக்கலாம்?

ஆறு கிலோவா, அதற்குள் என்ன வைப்பது என்று திகைக்க வேண்டாம். தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோவிலேயே எல்லாம் அடங்கும்.

நல்ல தோள்பை ஒரு கிலோ. கம்பளிச் சட்டை ஒன்று, அரை கிலோ. மழைச் சட்டை 300 கிராம். மாற்றுடை ஒரே ஒரு ஜோடி, 700 கிராம். காலுறை மூன்று ஜோடியும் உள்ளுடைகளும் 300 கிராம். மெல்லிய துண்டு 150. குல்லாவும் மப்ளரும் 150. போர்வை உறை 400. மருந்து, சோப்பு, ஊசி நூல் 300. டார்ச், செல்பேசி சார்ஜர் 200. கூட்டினால் சரியாக நாலு கிலோ! ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ, கடலை மிட்டாய், பழம் போன்றவற்றுக்கு அரை கிலோ. ஆக ஐந்தரை கிலோ.

இதில் போர்வை உறை என்பது என்ன? எட்டு முழ வேட்டியைக் குறுக்கே இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்துவிட்டால், வாய் மட்டும் திறந்த பெரிய உறை கிடைக்கும். அதற்குள் நுழைந்து படுத்து, விடுதிக் கம்பளியை மேலே போர்த்திக்கொள்ளலாம். பலர் போர்த்திய கம்பளி உடம்பில் படாது. வீட்டுப் பெண்மணிகள் அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார்கள். ஆண்கள் தைத்தாலும் குற்றமில்லை!

ஒரு மாற்றுடை போதுமா என்று கேட்கலாம். போதும். மாலையில் விடுதி சேர்ந்ததும் நடந்த உடையைத் துவைத்துக் காயப் போட வேண்டும். ஆனால் மலையில் ஈரம் சீக்கிரம் உலராது. ஆகவே கனமான பருத்தித் துணி ஆகாது. மெல்லிய துணியே நல்லது. நனைந்த பருத்திச் சட்டையோடு குளிர்காற்றில் நடந்தால் உடம்பின் சூடு விரைவில் இறங்கிவிடும். இது விளையாட்டல்ல; உயிருக்கே உலை வைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். எனவே எதைக் குறைத்தாலும் கம்பளிச் சட்டையையும் மழைச் சட்டையையும் குறைக்கக் கூடாது. சுமையைக் குறைப்பது வேறு, பாதுகாப்பைக் குறைப்பது வேறு.

புதுச் செருப்போடும் புது ஷூவோடும் புறப்படவே கூடாது. அவை காலைக் கடிக்கும். ஒரு கொப்புளம் வந்தால் போதும், நடை முடிந்தது.

தண்ணீருக்குச் சொந்தப் புட்டி அவசியம். நீலகிரி மாவட்டத்தில் சிறு பிளாஸ்டிக் புட்டித் தண்ணீருக்குத் தடை உண்டு. அதற்குப் பதிலாகப் பல இடங்களில் குடிநீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள்.

விடுதி இருக்கும்போது வீட்டைச் சுமப்பானேன்?

1909-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களோடு நடைப்பயணம் போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளையெல்லாம் நடக்கும் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் ஆக்கினால் என்ன என்று யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் இளைஞர் விடுதி இயக்கம். 1912-இல் ஆல்டெனா என்ற ஊரின் பழங்கோட்டையில் விடுதி திறந்தது. இந்தியாவில் இளைஞர் விடுதிகள் சங்கம் 1949-இல் ஏற்பட்டது.

தமிழ் மக்களுக்கு இது புதுமையா? இல்லையே! திண்ணையும் சத்திரமும் நமக்குப் பழகியவை அல்லவா? வழிநடப்பவன் படுக்கையைச் சுமக்க வேண்டாம் என்பதற்காகவே பெரியவர்கள் கட்டி வைத்த தர்மம் அது. உதகையிலும் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் ஆனந்தகிரி போன்ற பழைய எளிய விடுதிகள் இருக்கின்றன. முன்னதாகக் கேட்டு இடம் பதிவு செய்துகொண்டால், கம்பளி, வெந்நீர், சாப்பாடு இவற்றில் எது கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். கிடைப்பதைச் சுமக்க வேண்டாம். சோலூர்ப் பக்கம் தங்க இடம் அமையாவிட்டால், உதகைக்குப் பஸ்ஸில் திரும்பி மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம்.

நடை ஊர்ச் சாலையோடு நிற்கட்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. யானையும் காட்டெருமையும் உலவும் இடம் அது. காட்டு வழியில் நடக்க ஆசை உள்ளவர்களுக்காகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளை, வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. அவற்றில் சில நீலகிரியில் உள்ளன.

தலையில் ஏறிய விளக்கு

சுமையைக் குறைப்பதில் நம் முழங்காலின் நன்மை மட்டும் அடங்கியிருக்கவில்லை. வேறொன்றும் இருக்கிறது. அதை உலகுக்குக் காட்டியவர், 1934-இல் இதே நீலகிரிக்கு வந்து குன்னூரில் தங்கியிருந்த காந்தியடிகள்.

அதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன், 1930 மார்ச் 12-ஆம் தேதி, சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக் கடற்கரைக்கு அவர் உப்பு எடுக்க நடந்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. உடன் நடந்தவர்கள் 78 பேர். தூரம் ஏறத்தாழ 240 மைல். ஒவ்வொருவரும் தம் படுக்கை, மாற்றுடை, நூல் நூற்கும் தக்ளி முதலிய சிலவற்றை மட்டும் தாமே சுமந்தார்கள். தங்கும் ஊர்களில் எளிய உணவும், படுக்கச் சுத்தமான இடமும் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

ஆனால் அன்பு யாரை விட்டது? சூரத் மாவட்டத்தில் நுழைந்ததும் லாரியில் பாலும் காய்கறியும் வந்து இறங்கின. ஓர் இரவு, நடப்பவர்களுக்கு வெளிச்சம் காட்ட, கனத்த கிட்சன் விளக்கு ஒன்றை ஒரு முக்காலியில் வைத்து ஏழைத் தொழிலாளி ஒருவரின் தலையில் ஏற்றினார்கள். வேகமாக நட என்று அவரை விரட்டினார்கள். காந்தியடிகளால் அந்தக் காட்சியைத் தாங்க முடியவில்லை. அதைக் காணாமல் போய்விட எண்ணி வேகமாக நடந்தார். பலன்? சுமப்பவரும் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று! மார்ச் 29-ஆம் தேதி பட்காம் என்ற ஊரில் அவர் இதைச் சொல்லி, தம்மையும் தம் கூட்டத்தாரையும் கடிந்துகொண்டார்.

தம் தோளில் சுமை இல்லாதிருந்தால் மட்டும் போதாது. அது இன்னொருவர் தலையில் ஏறாதிருக்கவும் வேண்டும் என்பதை அந்த ஒரு விளக்கு காட்டிவிட்டது.

மரத்தில் தொங்கிய சோறு

அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ்நாட்டில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு தொண்டர்கள். நூற்றைம்பது மைல் நடை. வழியில் அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவருக்கு ஆறு மாதச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறைக்கே போனார். ஆனாலும் மக்கள் விடவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீசுக்குத் தெரியவில்லை. தொண்டர்கள் ஏப்ரல் 28-இல் வேதாரணியம் சேர்ந்தார்கள்.

அவர்கள் எப்படிச் சேர முடிந்தது? அவர்களுக்குத் தேவை கொஞ்சமாக இருந்தது. பொட்டலம் சோறும் படுக்க ஓரிடமும் கிடைத்தால் போதும் என்றிருப்பவர்களை எந்தத் தடையால் நிறுத்த முடியும்?

கடைசியாக ஒரு யோசனை

நீலகிரி மக்களுக்கு இந்த நடை தெரியாததல்ல. படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவின்போது, விரதம் இருப்பவர்கள் வெள்ளை உடுத்து, கையில் தடி ஏந்தி, வெறுங்காலோடு ஊர் ஊராக நடப்பதைக் கோத்தகிரிப் பக்கம் காணலாம். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெறுங்காலும் வேண்டாம்.

புறப்படும் முன்னிரவு, கட்ட வேண்டிய சாமான்களையெல்லாம் ஒரு பாயில் பரப்புங்கள். தினமும் தேவைப்படுவது, விடுதியில் கிடைப்பது, பயத்தால் எடுத்தது என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியல் மட்டும் பைக்குள் போகட்டும். பிறகு பையை மாட்டிக்கொண்டு வீட்டு மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். மூச்சு முட்டினால் மறுபடியும் பாயை விரியுங்கள்!

சோலூர்ச் சரிவுகளில் தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கும் பெண்கள், வயிற்றுப் பிழைப்புக்காகச் சுமக்கிறார்கள். பொழுதுபோக்காக நடக்க வருகிறவர் அவர்கள் எதிரில் தம் பையைத் தாமே தூக்கிக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நிற்க முடிந்தால், மூட்டை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.