முதலிடத்தில் 41 பேர்

2015-இல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் 41 பேருக்குக் கிடைத்தது. அத்தனை பேரும் 500-க்கு 499. இரண்டாமிடத்தில் 192 பேர். ஒற்றை மதிப்பெண்ணை வைத்துத் திறமையை எப்படிப் பிரிப்பது? தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கே இந்தத் தரவரிசை. சமஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுத்தவர்களுக்குத் தனிப்பட்டியல். இந்தப் பிரிப்பிலும் மனக்குறை இருந்தது. முடிவு வந்த காலையில் மாணவியின் வாயில் அம்மா லட்டு ஊட்டும் படம், மறுநாள் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் பேனர், பிறகு சேர்க்கை விளம்பரம் என்று முதலிடத்தின் லாபம் பெரும்பாலும் பள்ளிக்குத்தான். 2017 மே மாதம் தரவரிசை அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பேனர்கள் என்னவோ நிற்கவில்லை. மாநில முதலிடத்துக்குப் பதிலாகப் பள்ளி முதலிடம் அவற்றில் ஏறிக்கொண்டது.