தேடல் கருவிக்கு அனுமதி தருமுன்

வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பின்னால் பல நாள் உரையாடல் இருக்கிறது. விருந்தினரின் தொலைபேசி எண், விளம்பர நேரம், பாடல் பட்டியல் எல்லாம் அலுவலகக் குழு உரையாடலில்தான் கிடக்கும். நேரலைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தேடினால், கிணற்றில் போட்ட கல்தான். உங்கள் வேலையிடத்திலும் இதே கதைதானே?

2014ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஸ்லாக்’ தளத்தின் பெயருக்கே ‘தேடக்கூடிய உரையாடல், அறிவுப் பதிவேடு’ என்று விரிவாக்கம் சொல்வார்கள். ஆனால் பாதி விவரம் மின்னஞ்சலிலும் மீதி கூகல் டிரைவிலும் இருந்தால்? அதற்காகத்தான் வெளி நிறுவனங்களின் தேடல் கருவிகளை இணைக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து தேடலாம்.

வசதிதான். ஆனாலும், ‘அனுமதி’ பொத்தானை அழுத்துமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, கருவி நகல் எடுக்கிறதா? சில கருவிகள் நாம் கேட்கும்போது மட்டும் தளத்துக்குள் போய்ப் பார்த்து வரும். சில, நம் உரையாடல்களை முன்கூட்டியே நகலெடுத்துத் தங்களிடம் வைத்துக்கொள்ளும். அப்படியானால் எங்கே, எத்தனை நாள்?

இரண்டு, யாருடைய அனுமதியில் தேடுகிறது? நிர்வாகியின் அனுமதியில் இணைத்து, ஒவ்வொருவருக்கும் உரிய எல்லையைக் கருவி மதிக்காவிட்டால், சம்பள விவரமும் மருத்துவ விடுப்புக் கடிதமும் பயிற்சி ஊழியர் கண்ணில் படும். புதிய ஊழியரின் கணக்கில் ‘சம்பளம்’ என்று தேடிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

மூன்று, தளம் நாளை கதவை அடைத்தால்? ஸ்லாக்கை 2021ல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. 2025 மே மாதம் ஸ்லாக்கின் விதிகள் மாறின. வெளிக் கருவிகள் உரையாடல்களை மொத்தமாக எடுத்து நெடுங்காலம் சேமித்து வைப்பதற்குத் தடை வந்தது. ‘கிளீன்’ போன்ற தேடல் நிறுவனங்களை அது நேரடியாகப் பாதித்தது. அவற்றை நம்பியிருந்த அலுவலகங்களுக்கும் சிக்கல்தான்.

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நமக்காக வேறொரு நிறுவனம் தரவைக் கையாண்டாலும் நம் நிறுவனத்தின் பொறுப்பு நீங்காது.

சிறிய அலுவலகங்களில் தனியாகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு இருக்காது. கணினி பழக்கமுள்ள இளையர் ஒருவரிடம்தான் இந்த வேலை வந்து சேரும். அது நீங்கள் என்றால், மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த பதிலைக் குழுவில் எழுதிவிட்டுக் கருவியை இணையுங்கள். அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்புக் கேட்டு சக ஊழியர் எழுதிய செய்தியும் அதே குழுவில்தான் இருக்கிறது.