சீருடை திறக்கும் கதவு



சபர் என்ற சொல்லை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து, முடி நரைத்தபின் ஊர் திரும்பியவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். அங்குள்ள சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பியதில் அவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் அந்த மண் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. விசா முடிந்தது, விமானம் ஏறினார்கள். ஆகவே, "எங்கள் இராணுவத்தில் சேருங்கள், குடியுரிமை தருகிறோம், படிக்க வைக்கிறோம், பதவியும் தருகிறோம்" என்று ஒரு நாடு வந்தேறிய பிள்ளைகளை அழைக்கிறது என்றால், அது நம் காதில் விழாமல் போகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் அப்படித்தான் நெடுங்காலமாக அழைத்து வந்திருக்கிறது. நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அங்கே வளர்ந்து வருகின்றனர். அந்த அழைப்பின் உள்ளும் புறமும் அறிந்து வைத்திருப்பது நமக்கு நல்லது.

இது நேற்று முளைத்த ஏற்பாடன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862ஆம் ஆண்டிலேயே, படையில் பணியாற்றி நற்சான்றுடன் விடுபட்ட வெளிநாட்டவர் ஓராண்டு வாசத்திலேயே குடியுரிமை கோரலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. அப்போரில் வடபுலத்துப் படையினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அயல்நாட்டில் பிறந்தவர். முதல் உலகப் போர் வந்தது. 1918இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. ஆள் தேவைப்படும்போதெல்லாம் கதவு அகலத் திறந்தது என்பதைத் தாங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். இதன் மறுபக்கத்தைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

இக்காலத்து நடைமுறையைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: 'கிரீன் கார்டு' எனப்படும் நிரந்தர வாச உரிமை பெற்றவர் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேரலாம். அமைதிக் காலமாயின் ஓராண்டு நற்பணிக்குப் பின் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஏனையோர் பொதுவாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். போர்க்காலம் என்று குடியரசுத் தலைவர் அறிவித்துவிட்டால் அந்த ஓராண்டும் தேவையில்லை. 2001 செப்டம்பர் 11ஆம் தேதித் தாக்குதலுக்குப் பின்னர், அந்த நாள் முதலே போர்க்காலம் எனக் கொள்ளப்படும் என்று அதிபர் புஷ் 2002 ஜூலையில் ஆணையிட்டார். அதன்பின் இவ்வழியில் குடிமக்களானோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆவர். படையினரின் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

இவ்வழியில் ஒரு மனிதர் எவ்வளவு உயரம் செல்ல முடியும்? ஜான் ஷாலிகஷ்விலி என்பவரின் வாழ்க்கை இதற்குத் தக்க விடையாகும். அவருடைய தந்தை ஜார்ஜியா நாட்டிலிருந்து அகதியாக வெளியேறியவர். மகன் 1936இல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். பிறந்தபோதே அவருக்கு நாடில்லை. எந்த அரசும் தன் குடிமகன் என்று ஏற்காத நிலை. இரண்டாம் உலகப் போரில் வார்சா தரைமட்டமானது. குடும்பம் ஜெர்மனிக்குத் தப்பியது. 1952இல் ஒரு திருச்சபையின் ஆதரவில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியா என்ற ஊருக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. பொறியியல் படித்தார். 1958இல் குடியுரிமை பெற்றார். வாழ்வில் அவர் பெற்ற முதல் குடியுரிமையே அதுதான். அதே ஆண்டில் கட்டாயப் படைச்சேர்ப்பு அவரைச் சிப்பாயாக இழுத்துக்கொண்டது. விரும்பிப் போகவில்லை, போனபின் விரும்பிவிட்டார் போலும். அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1993இல் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார். அந்நாட்டின் தலையாய இராணுவப் பதவி அது. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் அதில் அமர்ந்தது அதுவே முதல் தடவை.

அவருடைய பணிகளில் நம் நினைவில் நிற்கத்தக்கது 1991இல் நடந்தது. சதாம் ஹுசைனின் படைகளுக்கு அஞ்சி இலட்சக்கணக்கான குர்து மக்கள், குழந்தை குட்டிகளுடன், ஈராக்–துருக்கி எல்லை மலைகளில் குளிரிலும் பசியிலும் சிக்கியிருந்தனர். அவர்களுக்கு உணவும் கூடாரமும் மருந்தும் சேர்த்து, பாதுகாப்பாக மலையிறக்கிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறு வயதில் தானே அகதியாக அலைந்தவருக்கு அந்தக் கூடாரங்கள் புதியவையா என்ன?

அவருக்கு முன் அதே பதவியில் இருந்த காலின் பவலும் ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனே. நியூயார்க் நகரக் கல்லூரியில் மாணவர் படைப் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய ஏற்றம் தொடங்கியது. பின்னாளில் வெளியுறவு அமைச்சராகவும் ஆனார்.

இத்தகைய கதைகளையே படைச்சேர்ப்பு அலுவலர்கள் சொல்வார்கள். அவை பொய்யல்ல. ஆனால் பகத் சிங் திந்த் அவர்களின் கதையை எவரும் விளம்பரப் பலகையில் எழுதுவதில்லை.

திந்த் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். 1913இல் அமெரிக்கா சென்று, மர அறுவை ஆலைகளில் கூலி வேலை செய்து படித்தவர். 1918இல் அமெரிக்கப் படையில் சேர்ந்து, தலைப்பாகையுடனேயே பணியாற்றி, அவ்வாண்டு டிசம்பரில் நற்சான்றுடன் விடைபெற்றார். விடுபடுவதற்குச் சில நாட்களுக்கு முன், சீருடையில் நின்றபடியே குடியுரிமைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டார். நான்கே நாட்களில் அது பறிக்கப்பட்டது. காரணம்? அன்றைய சட்டம் குறிப்பிட்ட 'வெள்ளையரான சுதந்திர மனிதர்' அவர் அல்லர் என்பதுதான். அவர் விடவில்லை, 1920இல் வேறொரு நீதிமன்றத்தில் மீண்டும் பெற்றார். அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 1923இல் உச்ச நீதிமன்றம், இந்தியர் சாமானிய மனிதர் கருதும் பொருளில் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அவர் அணிந்த சீருடை தராசுத் தட்டில் ஏறவே இல்லை. அதைவிடக் கொடுமை, அத்தீர்ப்பைக் காட்டி, முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பிடுங்கப்பட்டது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசியருக்கென 1935இல் தனிச் சட்டம் வந்த பிறகே, 1936இல், திந்த் மூன்றாம் முறையாகக் குடிமகனானார். அதன்பின் எவரும் அதைத் தொடவில்லை. பதினெட்டு ஆண்டுகள்!

பிலிப்பைன்ஸ் மக்களின் அனுபவமும் இத்தகையதே. அளவில் மிகப் பெரியது. 1941 ஜூலையில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அழைப்பின் பேரில் அமெரிக்கக் கொடியின் கீழ் இலட்சக்கணக்கான பிலிப்பினோக்கள் போரிட்டனர். குடியுரிமை பெறச் சட்டமும் இருந்தது. ஆனால் 1945இல், அந்த மனுக்களை ஏற்க வேண்டிய அதிகாரியின் பொறுப்பு மணிலாவிலிருந்து பல மாதங்களுக்கு நீக்கிக்கொள்ளப்பட்டது. 1946இல் வந்த ஒரு சட்டம், அவர்களுள் பெரும்பாலோரின் பணியே இராணுவப் பணியாகாது என்று கூறி, சலுகைகளை மறுத்துவிட்டது. குடியுரிமைக் கதவு 1990இல்தான் மீண்டும் திறந்தது. பணமாக ஏதேனும் கிடைத்தது 2009இல்: அமெரிக்கக் குடிமகனுக்கு 15,000 டாலர், பிலிப்பைன்ஸ் குடிமகனுக்கு 9,000 டாலர், ஒரே தடவை. அதற்குள் அறுபது ஆண்டுகள் கடந்து, அவர்களில் மிகப் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

"அதெல்லாம் பழங்கதை" என்று சிலர் கூறக்கூடும். அப்படியானால் நம் மொழியே சம்பந்தப்பட்ட அண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் போர் நீண்டபோது, உள்ளூர் மொழி அறிந்தவர்களும் மருத்துவர்களும் போதவில்லை. ஆகவே 2009இல் 'மேவ்னி' என்றழைக்கப்பட்ட திட்டம் தொடங்கியது. கிரீன் கார்டு இல்லாத, மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இரண்டாண்டு சட்டப்படி வசித்த அயல்நாட்டவரும், குறிப்பிட்ட மொழிகளில் ஒன்றை அறிந்திருந்தால் படையில் சேரலாம். அடிப்படைப் பயிற்சி முடியும்போதே, அதாவது ஏறக்குறைய பத்தே வாரங்களில், குடியுரிமையும் பெறலாம். அந்த மொழிப் பட்டியலில் அரபு, உருது, பஷ்தூ ஆகியவற்றுடன் தமிழும் இருந்தது! கிரீன் கார்டுக்காகப் பல்லாண்டு வரிசையில் நிற்கும் இந்திய இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய ஆசையை மூட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேர்ந்தனர்.

2016இல் நிலை மாறியது. பாதுகாப்பு விசாரணைகள் கடுமையாக்கப்பட்டன. புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பயிற்சிக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தவர்களின் விசாரணை முடிவில்லாமல் நீண்டது. அந்த இடைவெளியில் பலரது விசா காலாவதியானது. 2018இல் சிலர் காரணம் விளங்காமலேயே படையிலிருந்து நீக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன, வழக்குகள் தொடரப்பட்டன. பாதுகாப்பு விசாரணை ஒரு நாட்டின் உரிமை. அதை நாம் குறை கூற முடியாது. ஆனால் கையொப்பம் வாங்கிய பிறகு விதியை மாற்றினால், அந்த இளைஞன் எந்த நாட்டை நம்புவான்?

இனி, இச்சேவையால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். கிடைப்பதில் சிறந்தது கல்வி என்பேன். 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த முன்னாள் படையினர் கல்வித் திட்டம் 36 மாதப் படிப்புச் செலவை ஏற்கிறது; கூடுதல் ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால் அந்தப் பயனை மனைவிக்கோ மக்களுக்கோ மாற்றிக் கொடுக்கவும் இடமுண்டு. இராணுவத்திலேயே செவிலியர் பணி, கணினி, விமானப் பழுதுபார்ப்பு என்று தொழில் கற்போரும் பலர். ஆனால் நிரந்தரப் படை அதிகாரியாவதற்குக் குடியுரிமை முன்நிபந்தனை. இரகசிய ஆவணங்களைக் கையாளும் பணிகளும் பொதுவாகக் குடிமக்களுக்கே. எனவே கிரீன் கார்டுடன் சேருபவர் முதலில் அடிப்படைப் பணிகளிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. படையில் சேர்ந்தாலே குடியுரிமை தானாக வந்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. வராது. மனுச் செய்ய வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட முன்னாள் படைவீரர் சிலர், பின்னர் குற்ற வழக்கொன்றில் தண்டனை பெற்றபோது, சிறு வயதில் விட்டுவந்த நாட்டுக்கே நாடுகடத்தப்பட்டனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே 2019இல் இதை ஆய்ந்து அறிக்கை தந்தது. மேலும், சேவையின் மூலம் பெற்ற குடியுரிமையும், ஐந்தாண்டு நற்பணியை முடிக்குமுன் நற்பெயரிழந்து வெளியேற்றப்பட்டால் பறிக்கப்படலாம். ஒப்பந்தம் பொதுவாக எட்டாண்டுகள் கொண்டது என்பதையும் மறக்கலாகாது. முதல் சில ஆண்டுகள் முழுநேரப் பணி. எஞ்சிய காலம் அழைத்தால் வர வேண்டிய கடமை.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, எங்கே, யாரை எதிர்த்துப் போரிடுவது என்பது. அதைச் சிப்பாய் தீர்மானிப்பதில்லை. 2001இல், அமெரிக்கத் தரைப்படையின் முதல் முஸ்லிம் மார்க்க ஆலோசகரான அப்துர் ரஷீத் முஹம்மது, முஸ்லிம் சிப்பாய்கள் ஆப்கானிஸ்தான் போரில் ஈடுபடலாமா என்று மார்க்க அறிஞர்களிடம் கேட்டனுப்பினார். யூசுஃப் அல் கர்ளாவி உள்ளிட்ட அறிஞர்கள் சிலர் அதற்கு இசைவான தீர்ப்பளித்தனர். வேறு அறிஞர்கள் கடுமையாக மறுத்தனர். நம் போன்றோர் இங்கிருந்து தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் சட்டத்தின் நிலை தெளிவானது. மனச்சான்றின் பேரில் விலக்குக் கோருபவர் எல்லாப் போரையும் எதிர்ப்பவராக இருக்க வேண்டும். "இந்தப் போருக்கு மட்டும் வரமாட்டேன்" என்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் கூறிவிட்டது.

கேப்டன் ஹுமாயூன் கான் நினைவுக்கு வருகிறார். பாகிஸ்தானியப் பெற்றோருக்கு 1976இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா சென்று, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதிகாரியாகப் படையில் சேர்ந்தவர். பின்னர் சட்டம் படிக்க எண்ணியிருந்தார். 2004 ஜூன் 8ஆம் தேதி, ஈராக்கின் பஃகூபா நகரில், முகாம் வாயிலை நோக்கி ஐயத்துக்கிடமான கார் ஒன்று வந்தது. தம் சிப்பாய்களைப் பின்னே நிற்கச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் அதை நோக்கி முன்னே நடந்தார். குண்டு வெடித்தது. சிப்பாய்கள் பிழைத்தனர். அவருக்கு வயது 27. ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் பிறைச் சின்னம் பொறித்த கல்லின் கீழ் அடக்கப்பட்டிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில், முஸ்லிம்களை நாட்டுக்குள் விடலாகாது என்ற பேச்சு எழுந்தபோது, அவருடைய தந்தை மேடையேறி, அரசியல் சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அருகே தாயார் பேசாமல் நின்றார்.

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். படைச்சேர்ப்பு அலுவலர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கே வந்து பேசுகின்றனர். பதினேழு வயதில் சேர விரும்பும் பிள்ளையின் தாளில் பெற்றோரின் கையொப்பம் கட்டாயம் வேண்டும். பதினெட்டு நிறைந்துவிட்டால், அந்தக் கையொப்பத்தை எவரும் கேட்பதில்லை.