ஜோன்ஸ்டவுனுக்குப் பிறகு

நம் உறவினர் ஒருவர் புதிதாகத் தோன்றிய ஒரு சமயக் குழுவில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நம் வாயில் முதலில் வருவது என்ன? "மூளைச்சலவை செய்துவிட்டார்கள்" என்பதுதான். அந்தக் குழுவைப்பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அச்சம் வந்துவிடுகிறது. உலகெங்கும் இந்த அச்சத்தை வளர்த்ததில் ஒரே ஒரு நாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1978ஆம் ஆண்டு நவம்பர் 18. தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில் அமைந்திருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் 900க்கும் மேற்பட்டோர் சயனைடு நஞ்சால் இறந்தனர். நிலைமையை நேரில் அறிய வந்திருந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் அருகிலிருந்த விமானத் தளத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். செய்தித்தாள்கள் இதைக் 'கூட்டுத் தற்கொலை' என்று எழுதின. இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிறுபிள்ளைகள். பச்சிளங்குழந்தை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்? சுற்றிலும் ஆயுதக் காவலர்கள் வேறு நின்றிருந்தனர்.

இதை நடத்திய ஜிம் ஜோன்ஸின் 'மக்கள் ஆலயம்' தொடக்கத்தில் விநோதமான குழு அல்ல. 1950களில் இண்டியானாபொலிஸ் நகரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து வழிபட்ட இடம் அது. ஏழைகளுக்கு உணவளித்தது. பழைய புரொட்டஸ்டாண்டு சபை ஒன்றோடு இணைந்தும் இருந்தது. உள்ளே அடி உதை, பொய்யான குணமளிப்புகள், சொத்துப் பறிப்பு எல்லாம் நடந்தன என்பதும் உண்மையே. ஆனால் அங்கே போன பலர் மதிப்பையும் ஆதரவையும் தேடிப் போனவர்கள். அவர்களில் கறுப்பின மூதாட்டியர் ஏராளம்.

இதன்பின் எந்தச் சிறு குழுவைக் கண்டாலும் "இன்னொரு ஜோன்ஸ்டவுனோ?" என்ற கேள்வி எழுந்தது. (உரோமையர் நம் முன்னோரான தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களை மனித மாமிசம் உண்பவர்கள் என்று பழித்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது.) 1993இல் டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோவில் டேவிட் கொரேஷின் குழுவினரை 51 நாள்கள் முற்றுகையிட்டபோதும் அதே பேச்சுதான். திருவெளிப்பாட்டு நூலின் ஏழு முத்திரைகளைப்பற்றி அவரோடு பேசிப் பார்க்கலாம் என்று விவிலிய அறிஞர் சிலர் முன்வந்தனர். அதிகாரிகள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஏப்ரல் 19 அன்று கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டது; கட்டடம் தீப்பற்றி 70க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தீ வைத்தவர்கள் உள்ளிருந்தவர்களே என்று பின்னர் விசாரணை கூறியது.

1995இல் டோக்கியோ சுரங்க இரயிலில் நச்சுவாயு வீசிய ஓம் ஷின்ரிக்கியோ குழுவிலும், சதியை அறிந்திருந்தவர்கள் சிலரே. அதன் உறுப்பினர்களோ ஆயிரக்கணக்கானோர்.

வத்திக்கான் 1986இல் புதிய சமய இயக்கங்களைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகெங்கும் உள்ள ஆயர் பேரவைகளைக் கேட்டுத் தயாரிக்கப்பட்டது அது. ஆள் சேர்க்கும் தந்திரங்களை அது மறைக்கவில்லை. ஆயினும் மக்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குழு வேண்டும், தன் பங்களிப்புக்கு இடம் வேண்டும் என்ற ஏக்கங்களையே முதலில் வைத்தது.

ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களில் 400க்கும் மேற்பட்டோரின் உடல்கள் அடையாளம் தெரியாமலோ, கேட்பாரின்றியோ கிடந்தன. பல கல்லறைத் தோட்டங்கள் அவற்றை ஏற்க மறுத்தன. கடைசியில் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் ஒரு தோட்டம் இடம் கொடுத்தது. இறந்த அனைவரின் பெயர்களும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டது 2011இல்தான்.