60 சென் பேனாவைக் காணாத தரவுத்தளம்

50 சென் பென்சில் எத்தனை விற்றது என்று கேட்டால் நீண்ட பட்டியல் வருகிறது. 60 சென் பேனா எத்தனை என்று கேட்டால் ஒன்றுகூட இல்லை என்கிறது. ஆனால் பேனாக்கள் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கின்றன. ஓர் இடைநிலைப்பள்ளியின் கூட்டுறவுக் கடைக் கணக்கில் கடந்த விடுமுறையின்போது நான் கண்ட விசித்திரம் இது.

அந்தக் கடையின் ஆறாண்டு விற்பனை, 2 லட்சத்துக்கும் அதிகமான வரிகளாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கிறது. 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த திறந்த மூல மென்பொருள் அது. காசு கொடுக்காமல் யாரும் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம்.

பேனா விவகாரம் மட்டும் என்றால் வேடிக்கையாக விட்டிருக்கலாம். கணினி காட்டிய மொத்த விற்பனைக்கும் கைப்பேரேட்டின் மொத்தத்துக்கும் இருபது ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பொருளாளர் படிவம் 5 மாணவி. கணக்காய்வுக்கு இரண்டு வாரமே இருந்தது. "அக்கா, நான் எடுக்கலைன்னு எப்படிக் காட்டுறது?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

விலை என்ற பத்தி எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். 'ரியல்' என்றிருந்தது. 32 பிட்டில் அடங்கும் மிதவைப் புள்ளி எண் அது. அதில் ஏறக்குறைய 6 இலக்கங்களைத்தான் நம்பலாம். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், கணினி இரண்டிரண்டாக எண்ணுகிறது. நம் முறையில் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுத வேண்டியிருப்பதுபோல, கணினிக்கு 0.6 முடிவில்லாத எண். எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். ரியல் வகையில் அது சுமார் 0.60000002 ஆகிறது. நாம் தேடும்போது தட்டச்சு செய்யும் 0.6-ஐப் போஸ்ட்கிரெஸ் இன்னும் நுணுக்கமான 64 பிட் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சமமில்லை, அதனால் பேனா கிடைப்பதில்லை. 0.5 என்பது சரிபாதி. இரண்டின் கணக்கில் அது துல்லியமாக அடங்கிவிடும். பென்சில் தப்பியது அதனால்தான்.

மொத்தத்தில் நடப்பது இதைவிடச் சுவையானது. ரியல் எண்களைக் கூட்டினால் போஸ்ட்கிரெஸ் விடையையும் ரியலாகவே வைத்துக்கொள்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக, அது ஏறும் படிகளும் பெரிதாகின்றன. மொத்தம் 131,072 ரிங்கிட்டைத் தாண்டியதும் ஒரு படி 1.5625 சென். அதற்குமேல் ஒரு 60 சென் பேனாவைச் சேர்த்தால், மிக அருகிலுள்ள படிக்கு நகர்ந்து 59.375 சென்தான் சேரும். 1.20 ரிங்கிட் நோட்டுப்புத்தகத்துக்கோ 120.3125 சென் சேரும். ஒன்றில் குறைகிறது, ஒன்றில் கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகக் கழிந்துபோவதில்லை. போஸ்ட்கிரெஸ் கையில் இருந்தால் நீங்களும் 16777216 என்ற எண்ணை ரியலாக மாற்றி, ரியல் 1-ஐக் கூட்டிப் பாருங்கள். அதே எண்தான் திரும்ப வரும்.

கூட்டும் வரிசை மாறினாலும் விடை சற்று மாறும். பெரிய அட்டவணையைப் போஸ்ட்கிரெஸ் பல கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் கூட்டக்கூடும் என்பதால், ஒரே கேள்விக்கு காலையில் ஒரு மொத்தம், மாலையில் வேறொரு மொத்தம் வந்தது. அவள் இன்னும் பயந்துபோனதில் வியப்பில்லை.

நல்லவேளை, தனித்தனி வரிகளில் சேதமில்லை. ஒவ்வொரு விலையையும் 'நியூமரிக்' என்ற பதின்ம வகைக்கு மாற்றிய பிறகு கூட்டச் சொன்னேன். மொத்தம் பேரேட்டுடன் ஒரு சென்னும் பிசகாமல் பொருந்தியது.

இதே வகைப் பிழை உயிர்களையும் பலிவாங்கியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் மாண்டனர். பத்தில் ஒரு வினாடி என்ற அளவை 24 பிட்டில் வெட்டிச் சேமித்ததால், 100 மணி நேரம் ஓடிய அமைப்பின் கடிகாரம் சுமார் 0.34 வினாடி பிசகியிருந்தது.

நியூமரிக் வகை மெதுவானது என்று சொல்வார்கள். உண்மைதான். மிதவை எண்களைச் செயலியே நேரடியாகக் கூட்டிவிடும், நியூமரிக்கை மென்பொருள்தான் கூட்டவேண்டும். ஆனால் 2 லட்சம் வரிகளுக்கு அந்தத் தாமதம் கண்ணில்கூடப் படாது. கோடிக்கணக்கான வரிகள் என்றால், விலையைச் சென்னில் முழு எண்ணாகச் சேமிப்பேன். அது துல்லியமானது, வேகமானதும்கூட. ஆய்வகத்தில் வெப்பநிலை அளப்பதற்கு மிதவை எண்ணே பொருத்தம். அளவுகோலிலேயே அதைவிடப் பெரிய பிழை இருக்கும்.

கடையில் உண்மையிலேயே மெதுவாக இருந்தது வேறொன்று. உறுப்பினர் வாரியான அறிக்கை அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. புதுக் கணினி வாங்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. போஸ்ட்கிரெஸில் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு தேடலை எந்த வழியில் செய்தது, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று அது சொல்லிவிடும். ஊகிப்பதற்கு முன் இதைத்தான் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

உறுப்பினர் எண் முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருந்தது, அதற்குக் குறியீட்டுப் பட்டியலும் இருந்தது. ஆனால் கடையின் செயலி அந்த எண்ணை நியூமரிக்காக அனுப்பியது. இரண்டையும் ஒப்பிட, போஸ்ட்கிரெஸ் பத்தியிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் நியூமரிக்காக மாற்றியது. குறியீடோ முழு எண்களுக்காகக் கட்டப்பட்டது, அது பயன்படவில்லை. ஆகவே ஒவ்வோர் உறுப்பினருக்கும் 2 லட்சம் வரிகளையும் முதலிலிருந்து படித்தது. ஒரு தடவைக்கு 40 மில்லிவினாடிதான். 800 உறுப்பினர்களுக்கு அது 32 வினாடி. முழு எண்ணாகவே அனுப்பும்படி செயலியில் ஒரு வரியை மாற்றியதும், முழு அறிக்கையும் ஒரு வினாடிக்குள் வந்தது. பழைய கணினியிலேயே.

விலைப் பத்தி இப்போது நியூமரிக்காக மாறிவிட்டது. கணக்காய்வும் முடிந்தது. ஆனால் முந்தைய ஆண்டுகளில் அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்த அறிக்கைகளில் பழைய மொத்தம்தான் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு திருத்தத் தாள் வைக்கப்போகிறார்கள். 60 சென் பேனாவின் கதையை அதில் எத்தனை வரியில் எழுதுவது என்று பொருளாளர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.