மிளகாய் ஏன் 'ஹாட்'?

ஆங்கிலத்தில் 'ஹாட்' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. கொதிக்கிற காபி ஹாட். திருட்டுப் பொருளும் ஹாட். அமெரிக்காவில் மின்சாரம் ஓடும் கம்பியும் ஹாட்தான். நம்மூர் மதுப்பிரியர்களுக்கோ, ஐஸ் போட்டுக் குடித்தாலும் பிராந்தி ஹாட்! இவையெல்லாம் பேச்சுவழக்கு போட்ட ஆட்டம். ஆனால் மிளகாயையும் ஹாட் என்கிறார்களே, அதில் மட்டும் விஷயம் இருக்கிறது.

சூடு வேறு, காரம் வேறு என்று பிரித்துப் பேசும் நமக்கு அது சொல் பஞ்சமாகத் தோன்றும். நம் நரம்புகளுக்கோ அந்தப் பிரிவினை தெரியாது. இனிப்பு, புளிப்பு, கசப்பைப் போலக் காரம் சுவை மொட்டுகளில் பதிவாவதில்லை. வலியை உணரும் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கதவுபோலத் திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். மிளகாயிலுள்ள கேப்சைசின் இதே புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாதபோதும் அதைத் திறந்துவிடுகிறது. செய்தி ஒன்றுதான் என்பதால் மூளை ஏமாறுகிறது. காரம் தின்றதும் வியர்த்துக் கொட்டுவது, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பார்ப்பதால்தான். மிளகிலுள்ள பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது, சற்று மெதுவாக.

இந்தக் கதவைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்ற ஆய்வாளரின் குழு. கேப்சைசினுக்கு அசையாத செல்களுக்குள் நரம்பு மரபணுத் துண்டுகளைப் பகுதி பகுதியாகச் செலுத்தி, எது வந்தபின் செல் துள்ளுகிறது என்று தேடினார்கள். 1997இல் மரபணு சிக்கியது. தேடியது காரத்தின் வாசலை, கிடைத்ததோ வெப்பமானி! இன்னொரு ஆய்வாளரான ஆர்டெம் படபூட்டியனுடன் சேர்ந்து ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். புதினாவின் மென்தால் குளிர்வதும் இதே கதைதான்; அங்கே ஏமாறுவது குளிரை உணரும் டிஆர்பிஎம்8.

பறவைகளின் டிஆர்பிவி1 சற்று வேறுபட்டது, கேப்சைசினுக்கு மசியாது. அதனால்தான் அவை மிளகாய்ப் பழத்தை அலட்டிக்கொள்ளாமல் தின்கின்றன, விதையையும் பரப்புகின்றன. செடிக்கு அதுதானே வேண்டும்?

ஆங்கிலேயர் ஒன்றும் நரம்பியல் படித்துவிட்டு இந்தச் சொல்லைப் பிடிக்கவில்லை. குருட்டாம்போக்கில் எறிந்த கல் குறியில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சூட்டைப் போலத் தண்ணீரால் காரத்தை அணைக்க முடியாது. கேப்சைசின் கொழுப்பில் கரைவது, தண்ணீரில் அநேகமாகக் கரையாதது. அடுத்த முறை பச்சைமிளகாயைக் கடித்துவிட்டால் சொம்பைத் தேடாமல் பாலையோ தயிரையோ எடுங்கள்.